எண்ணூர்ப் பிள்ளைகளிடம் இப்போது காற்றைப் பற்றியும் கேட்கிறேன்

"மேடம், கேஸ் வாசனை வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, அப்புறம் விடியிற வரைக்கும் தூக்கமே இல்ல." வடசென்னையில் அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் சூழ்ந்த எண்ணூர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்த பிளஸ் ஒன் மாணவி சொன்னது இது (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ராத்திரியெல்லாம் போன் பார்ப்பதால்தான் என்றார் அம்மா. நானும் படிப்பு, பரீட்சை, வீட்டுச் சண்டை என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை வந்தபோதுதான் 2023 டிசம்பர் 26 நள்ளிரவைப் பற்றிச் சொன்னாள். பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண் எரிய, மூச்சு முட்ட, ஜனங்கள் வீட்டை விட்டு ஓடிய இரவு. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

பயம் மட்டும் என்றால் எனக்குப் பழகின வேலை. ஆனால் வாசனையே இல்லாத நாளிலும் அந்தக் காற்று சும்மா இருப்பதில்லை. காற்றில் கலந்திருக்கும் பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் ஆழம் வரை போய் உடம்பில் அழற்சியைக் கிளப்பும், அது மூளையையும் விடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த 9,000-க்கும் அதிகமானவர்களை 24 வயது வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2024-இல் வந்தது. கர்ப்பகாலத்தில் இந்தத் துகள் கூடுதலாக இருந்த இடத்துப் பிள்ளைகளிடம் பின்னாளில் மனச்சோர்வும், யாரும் பேசாமலே குரல் கேட்பது போன்ற அனுபவங்களும் அதிகம். இதை வைத்து ஒரு பிள்ளையின் நோய்க்குக் காற்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சரி. ஆனால் ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் நாட்டு வரம்பு 40. அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். வீசிங்கும் பதற்றமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மூச்சு வாங்குகிறது என்று பிள்ளை சொன்னால் 'நடிக்கிறா' என்று தள்ளாதீர்கள், 'எல்லாம் மனசுதான்' என்றும் முடிக்காதீர்கள். முதலில் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். இவளுக்கு இரண்டுமே இருந்தது. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினாள், இன்ஹேலர் எடுத்தாளா, பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் அன்றைக்கு வாசனை வந்ததா, மாடியில் காய்ந்த துணியில் சாம்பல் படிந்திருந்ததா. போன வாரம் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படித்தேன்.