பயாப்ஸி கிரேடு, சர்ஜரி கிரேடு: ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் வர்றது ஏன்?

புராஸ்டேட்ங்கிறது ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்கு கீழ இருக்குற சுரப்பி. அதுல வர்ற கேன்சருக்கு பயாப்ஸில ஒரு கிரேடு போடுவாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னொண்ணு போடுவாங்க, ரெண்டும் வேற வேறயா வரலாம். கிரேடு லத்தீன்ல 'கிராடுஸ்'லேர்ந்து வந்தது, படின்னு அர்த்தம். தமிழ்ல 'தரம்'னு போடுறாங்க, அதுல ஒரு சங்கடம், தரம் கூடுனா நல்லதுன்னு தோணும், இங்க கூடுனா மோசம். 'நிலை'ன்னு எழுதுறது அதைவிட குழப்பம், ஏன்னா அது ஸ்டேஜுக்கு உள்ள சொல். ஸ்டேஜ்னா கேன்சர் எவ்ளோ தூரம் போயிருக்கு, கிரேடுன்னா மைக்ரோஸ்கோப்ல அதோட அமைப்பு எவ்ளோ சிதைஞ்சிருக்கு.

பயாப்ஸி கிரேக்க வேர்லேர்ந்து வந்த சொல், 'பியோஸ்' உயிர், 'ஓப்சிஸ்' பார்வை. பிரெஞ்சு தோல் டாக்டர் எர்னெஸ்ட் பெனியே 1879ல உருவாக்கினது. தமிழ்ல திசு ஆய்வுன்னு சொன்னா போதும், நல்லா புரியும்.

புராஸ்டேட்டுக்கு நம்பர் போடுற முறைய அமெரிக்க பேத்தாலஜிஸ்ட் (திசுவ மைக்ரோஸ்கோப்ல ஆராயுற டாக்டர்) டொனால்ட் கிளீசன் 1966ல கொண்டு வந்தார். சுரப்பிகளோட அமைப்ப வச்சு 1லேர்ந்து 5 வரைக்கும் பேட்டர்ன், அதுல ரெண்ட கூட்டுனா கிளீசன் ஸ்கோர். நடைமுறைல இப்ப 6க்கு கீழ யாரும் போடுறதில்ல, ஆனா 10க்கு 6னு கேட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி பயமா இருக்கும்ல, அதனாலதான் 2014ல 1லேர்ந்து 5 வரை கிரேடு குரூப்னு மாத்துனாங்க, 3+3 குரூப் 1, 3+4 குரூப் 2, 4+3 குரூப் 3, 8 வந்தா 4, 9ம் 10ம் 5. 3+4, 4+3 ரெண்டும் கூட்டுனா 7தான், ஆனா முதல்ல வர்ற நம்பர்தான் அதிகமா இருக்குறது, அதனால 4+3 கொஞ்சம் மோசம்.

சரி, ஆபரேஷனுக்கு அப்புறம் ஏன் மாறுது? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க, புராஸ்டேட்ல அது செல்லாது. வழக்கமா 12 எடத்துல மெல்லிசான ஊசில திசு எடுக்கிறாங்க, அது மொத்த சுரப்பில ரொம்ப சின்ன பங்கு, கேன்சரோ பல எடத்துல தனித்தனியா வேற வேற கிரேடுல இருக்கலாம், ஊசி மோசமான எடத்த தொடாமலே போயிடலாம். சர்ஜரில முழு சுரப்பியையும் வெட்டி பாக்கிறாங்க.

பலருக்கும் தெரியாத காரணம் இன்னொண்ணு இருக்கு, கணக்கே வேற! பயாப்ஸில அதிகமா இருக்குறதும் மிச்சத்துல ரொம்ப மோசமானதும் சேரும். அதிகமா 3, கொஞ்சம் 4, துளியூண்டு 5 இருந்தா 3+5=8. சர்ஜரி ரிப்போர்ட்ல அளவுல முதல் ரெண்டு எடத்துல இருக்குறதுதான் சேரும், அந்த 5 வந்து 5 சதவீதத்துக்கு கம்மியா இருந்தா 3+4=7னு போட்டு 5ஐ தனியா குறிப்பாங்க. அப்ப குரூப் 4 குரூப் 2 ஆயிடுது, நோய் குறையல, எண்ணுற விதம்தான் மாறிச்சு. இதுக்கு 'டவுன்கிரேடு'ன்னு பேரு. ஏறுனா 'அப்கிரேடு', ஃபோன் அப்கிரேடு மாதிரி சந்தோஷப்படுற சமாச்சாரம் இல்ல, ஆனா நடுவுல கேன்சர் வளந்துடுச்சுன்னும் அர்த்தமில்ல, பெரும்பாலும் முன்னாடியே இருந்தது இப்பதான் கண்ல படுது.

நான் கேட்டா ஊசித்தரம், அறுவைத்தரம்னு பிரிச்சு சொல்லலாம்னு சொல்வேன், எந்த திசுவ பாத்து போட்டதுன்னு பேர்லயே தெரிஞ்சிடும். சுரப்பிய எடுத்தவங்களுக்கு அடுத்த முடிவெல்லாம் அறுவைத்தரத்த வச்சுதான், கூடவே வெட்டின ஓரத்துல கேன்சர் இருக்கா, நிணநீர் முடிச்சுக்கு போச்சா, ரத்தத்துல பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்குற ஒரு புரதம்) எவ்ளோன்னும் பாப்பாங்க. ரேடியேஷன் எடுக்கிறவங்களுக்கும் கண்காணிப்புல மட்டும் இருக்கிறவங்களுக்கும் சுரப்பி வெளிய வர்றதே இல்ல, கைல இருக்குறது ஊசித்தரம் மட்டும்தான், அதான் அவங்களுக்கு எம்ஆர்ஐ பாத்து குறி வச்சு எடுக்கிற பயாப்ஸிக்கு இவ்ளோ முக்கியத்துவம் குடுக்கிறாங்க.