குதிரைல துரத்திட்டுப் போன அலை

1834 ஆகஸ்ட் மாசம், ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கத்துல யூனியன் கால்வாய். ஜான் ஸ்காட் ரஸ்ஸல்னு ஒரு இன்ஜினியர், ரெண்டு குதிரை இழுத்துட்டுப் போற படகைப் பாத்துட்டு இருக்கார், படகு பொசுக்குனு நின்னுடுச்சு. ஆனா அது தள்ளிட்டு வந்த தண்ணி நிக்கல. 30 அடி நீளம், ஒன்னு ஒன்றரை அடி உயரம்னு வழவழன்னு ஒரே மேடா திரண்டு தனியா கிளம்பிடுச்சு. மனுஷன் குதிரைலயே பின்னாடி போனார். மணிக்கு 8, 9 மைல் வேகம். உயரம் மெதுவா குறைஞ்சதே தவிர மேடு கலையல, ஒன்னு ரெண்டு மைல் தாண்டி கால்வாய் வளைவுகள்லதான் அதைத் தவறவிட்டார்.

இதுல என்ன அதிசயம்னா, அப்படி ஒரு மேடு நியாயமா உருப்படவே கூடாது. ஒரு மேட்டுக்குள்ள பல நீள அலைங்க கலந்திருக்கும், நீளமானது வேகமா ஓடும், குட்டையானது பின்தங்கும், அதனால மேடு பரவி தட்டையாகிடணும். இன்னொரு தொல்லை, ஆழம் கம்மியான தண்ணில அலையோட உச்சி அடிவாரத்தை விட வேகமா போகும், அதனால முன்பக்கம் செங்குத்தாகி கடைசில கவிழும், பீச்ல பாக்கறோமே அதேதான். ஒன்னு பரப்பிவிடுது, இன்னொன்னு குவிக்குது. ஏட்டிக்குப் போட்டியா ரெண்டும் சமமா இழுக்கற அளவுல மேடு அமைஞ்சா அதுபாட்டுக்கு போயிட்டே இருக்கும்.

ரஸ்ஸல் தொட்டி கட்டி சோதிச்சு, உயரமான அலை வேகமா போகும்னு கணக்கே குடுத்தார், ஆனாலும் ஜார்ஜ் ஏரி (Airy), ஸ்டோக்ஸ் மாதிரி அந்தக் கால விஞ்ஞான ஜாம்பவான்கள் சந்தேகப்பட்டாங்க (பாவம்). 1895ல கோர்ட்வெக், டி வ்ரீஸ்னு ரெண்டு டச்சு கணித ஆளுங்க இந்த இழுபறியை ஒரு சமன்பாட்டுல அடக்கினாங்க. அப்புறம் ரொம்ப நாள் பெருசா யாரும் கண்டுக்கல.

1965ல ஸபுஸ்கி, க்ரஸ்கல்னு ரெண்டு விஞ்ஞானிங்க அந்தச் சமன்பாட்டைக் கம்ப்யூட்டர்ல ஓட்டினாங்க. எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். பெரிய அலை சின்னதைப் பிடிச்சு மோதுது, உயரம் கூடும்னு நினைப்போம், ஆனா மோதற நேரத்துல பெருசோட உயரத்தை விட குறையுது! அப்புறம் ரெண்டும் பழைய ஷேப்லயே பிரிஞ்சு போகுது, பெருசு கொஞ்சம் முன்னாடி தள்ளி, சின்னது கொஞ்சம் பின்னாடி, அவ்ளோதான் வித்தியாசம். துகள் மாதிரி நடந்துக்கறதால சாலிட்டான்னு பேர் வெச்சாங்க.

1980ல ஆப்டிகல் ஃபைபருக்குள்ள ஒளியையே இப்படி ஓட்டிக் காட்டிட்டாங்க. நம்ம பக்கம் அந்தமான் கடல்லயும் இந்த மாதிரி அலை இருக்கு, மேல் சூட்டுத் தண்ணிக்கும் கீழ் குளிர் தண்ணிக்கும் நடுவுல பத்துக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு நகருது, ஆனா கப்பல்ல இருக்கறவங்க கண்ணுக்கு தண்ணி மேல ஒரு சலசலப்புப் பட்டைதான் தெரியும்.