கானில் போகும் தண்ணீர், மலைக்குள் போகும் தண்ணீர்

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பெரியவர் ஒருவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். லயத்துக்கும் மண்திட்டுக்கும் நடுவே ஓடும் கானில், அதாவது வடிகாலில், அடைந்து கிடக்கும் சருகு, சேறு, சொப்பிங் பேக் எல்லாவற்றையும் வாரி வெளியே போடுவார். காலநிலை மாற்றம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ஆனால் மலையகத்தில் ஒரு சாதாரண ஆள் அதற்காகச் செய்யக்கூடிய வேலை எது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மம்பட்டிதான்.

இலங்கையில் ஒருவர் பங்குக்கு ஆண்டொன்றுக்கு வெளியாகும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய ஒரு தொன். உலக சராசரி நாலரைத் தொன்னுக்கும் மேல். விறகடுப்பும் பஸ்ஸுமாகக் காலம் தள்ளும் தோட்டத்துக் குடும்பத்தின் பங்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கும். லயத்துக்குப் போய் "பல்ப்பை அணையுங்கள், பூமியைக் காப்பாற்றலாம்" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கணக்கை அதிகம் எரிப்பவர்கள் தீர்க்கட்டும். நம் தலையில் விழுவது மழை. அதைப் பற்றிப் பேசுவோம்.

காற்று 1 பாகை செல்சியஸ் சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. சுமந்ததை ஒரு நாள் இறக்கித்தானே ஆக வேண்டும்? அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. ஹட்டன் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, பதுளைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழை, நடுவே ஒக்டோபர், நவம்பரில் இடியோடு வரும் மாலை மழை என்று நமக்கு ஆண்டில் பல மாதம் மழைதான். மலைக்கு மழை பழக்கம். ஆனால் இரண்டு வாரம் தூறலாக வர வேண்டியது இரண்டு இரவில் வந்தால் அது பழக்கமில்லாத விருந்தாளி.

மலைச்சரிவில் மண் ஏன் நிற்கிறது? ஒரு மண்மணி இன்னொன்றின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் பிடிமானம். கொஞ்சம் ஈரம் இருந்தால் பிடிமானம் கூடும். ரொட்டிக்கு மா பிசைந்தவர்களுக்கு இது தெரியும்: வெறும் மா உதிரும், அளவாகத் தண்ணீர் விட்டால் உருண்டையாகும், கை தவறி ஊற்றிவிட்டால் ஓடும். (உவமை முழுக்கச் சரியில்லை. மாவை ஒட்டவைப்பது அதிலுள்ள பசை; மண்ணை ஒட்டவைப்பது மணிகளுக்கு நடுவே படியும் மெல்லிய நீர்ப்படலம்.) மழை விடாமல் ஊறும்போது மணிகளுக்கு இடையிலுள்ள காற்றெல்லாம் வெளியேறி, இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைகிறது. அந்தத் தண்ணீர் மணிகளை எதிர்த்துத் தள்ளுகிறது. ஆற்றுக்குள் ஒரு கல்லைத் தூக்கினால் இலேசாக இருக்கும், கரைக்கு வந்ததும் கை இழுக்கும் அல்லவா? மண்ணுக்குள்ளும் அதே கதைதான். மணி மணியை அழுத்தும் விசை குறைகிறது, உராய்வு குறைகிறது. அதே நேரம் குடித்த தண்ணீரால் சரிவின் மொத்தப் பாரமும் ஏறுகிறது. கீழே இழுக்கும் விசை கூடி, பிடித்திருக்கும் விசை குறைந்து, இரண்டும் சமமாகும் அந்த நிமிடத்தில் மலை நகர்கிறது.

எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லீற்றர். ஏழு பேர்ச் வீட்டுக் காணி ஒன்று சுமார் 177 சதுர மீற்றர். அதில் 100 மி.மீ. பெய்தால் 17,700 லீற்றர், அதாவது கிட்டத்தட்ட 18 தொன் பாரம். இது ஒரு வீட்டுக் காணிக்கு மட்டும்.

தேயிலை மலைகளில் குறுக்காக வெட்டப்பட்ட கான்களின் வேலை இங்கேதான் வருகிறது. மழைநீர் நேராகக் கீழே இறங்கினால் வேகம் பிடிக்கும். வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்கு, மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். குறுக்குக் கான் மிக மெல்லிய சாய்வில், நடக்க வைத்து அழைத்துப்போவதுபோல் தண்ணீரைப் பெரிய கானுக்குக் கொண்டு சேர்க்கும். கான் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஒரே இடத்தில் நின்று ஊறும், அல்லது உடைத்துக்கொண்டு லயத்தின் மேல் இறங்கும். கான் வேலை முன்போல் ஒழுங்காக நடப்பதில்லை என்று தோட்டங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மலை கம்பெனிக்குச் சொந்தம், தொழிலாளி தன் இஷ்டத்துக்கு மம்பட்டி போட முடியாது. ஆகவே இது தனியாள் வேலை இல்லை. கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ சேர்ந்து, அடைபட்ட இடங்களைப் போட்டோ பிடித்து, எழுத்தில் தோட்டத்துரையிடமும் (தோட்ட முகாமையாளர்) கிராம உத்தியோகத்தரிடமும் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னது மறந்துபோகும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சமவெளியில் நல்ல பெயர் எடுத்த சில யோசனைகள் நம்மிடம் ஆபத்தாகலாம். "மழைநீரைக் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குங்கள்" என்பது அதில் ஒன்று. மென்சரிவான இடத்தில் அது நல்லதுதான். பெப்ரவரி, மார்ச்சில் பீலி (மலை ஊற்று நீர் விழும் இடம்) வற்றிப்போகாமல் இருக்க உதவும். ஆனால் லயத்துக்கு மேலே செங்குத்தான, ஏற்கெனவே வெடிப்பு விட்ட மண்ணில் குழி வெட்டுவது, நகரக் காத்திருக்கும் சரிவுக்கு நாமே தண்ணீர் ஊட்டுவது. அங்கே தண்ணீரை உள்ளே விடாமல் சீக்கிரம் வெளியேற்ற வேண்டும்.

பீலி என்றதும், கூரை நீரைப் பிடிக்கும் கூரைப்பீலியும் நினைவுக்கு வருகிறது. 240 சதுர மீற்றர் தகரக்கூரையுள்ள ஒரு லயத்தில் 100 மி.மீ. மழை 24,000 லீற்றர். ஆறாயிரம் லீற்றர் பௌசர் (தண்ணீர் லொறி) நான்கு. கூரைப்பீலி இல்லாவிட்டால் அதில் பாதி பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவே விழுந்து திட்டின் அடியை ஊறவைக்கிறது. பீலி போட்டு, குழாய் வழியாகக் கானில் விட்டால் போதும். ஒரு தாங்கியில் பிடித்தால் துணி துவைக்கவும் ஆகும். அப்புறம், குசினியைப் பெரிதாக்க அந்தத் திட்டை வெட்டவே கூடாது. அடி மண்தான் மேல் மண்ணைத் தாங்குகிறது.

திட்டின் விளிம்பில் வெட்டிவேர் நடலாம். ஆங்கிலக்காரனும் அதைத் தமிழ்ப் பெயரால்தான் கூப்பிடுகிறான். வேர் பக்கவாட்டில் பரவாமல் இரண்டு மூன்று மீற்றர் நேராக இறங்கும். நெருக்கமாக வரிசையாக நட்டால் மண்ணைத் தைத்துப் பிடிக்கும். ஆனால் அது மேலாகச் சரியும் மண்ணுக்குத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடியதுபோன்ற பெரிய சரிவை எந்தப் புல்லும் நிறுத்தாது. அங்கே ஒரே வழி, முன்கூட்டி எழுந்து போவது.

மலை பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லும். நிலத்திலோ தரையிலோ புதிய வெடிப்பு, கதவு திடீரென இறுகிக்கொள்வது, நேராக நின்ற மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்றுப்பீலியில் கலங்கல், அல்லது நல்ல மழையில் அந்தப் பீலி நின்றுபோவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள்.

மழையை நாமே அளக்கலாம். பக்கம் நேரான ஒரு டின்னை வெட்டவெளியில், கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் பாருங்கள். டின் சிறிதோ பெரிதோ, உயரம் ஒன்றாகத்தான் இருக்கும். மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல்படி 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினாலோ வெளியேற வேண்டும். இரவு பத்து மணிக்கு டின்னில் 110 நிற்கிறது, மழையும் விடவில்லை என்றால் விடியட்டும் என்று படுக்காதீர்கள். தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில் ஒரு டின், கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு டின் வைத்து, பார்த்த அளவை ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்ளுங்கள். கீழே தூறிக்கொண்டிருக்கும்போதே மேலே டின் நிறைந்திருக்கலாம்.