ராத்திரியில் டாக்டர் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்

தாலுகா ஜி.எச்.சில் நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு இது. உடம்புக்கு முடியாமல் போனது பதினோரு மணிக்கு. எங்களிடம் வந்து சேர்வது மூன்றரைக்கு. ஊரோ முப்பது கிலோமீட்டருக்குள்தான். இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், மெடிக்கல் கடைக்காரரை எழுப்பினோம், தெரிந்த கிளினிக்கில் போய்க் கதவைத் தட்டினோம், வாடகைக் கார் கிடைக்கவில்லை, சித்தப்பா வரட்டும் என்று இருந்தோம் என்பார்கள். கடைசியில் கிடைத்த கார், ஊர்க்கோடியில் லைட் எரிந்துகொண்டிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டித்தான் வந்திருக்கும்.

"அங்க ராத்திரியில டாக்டர் இருக்க மாட்டாங்களே, டாக்டரம்மா?"

பல இடங்களில் இருக்க மாட்டார், வாஸ்தவம்தான். ஆனால் பிரசவத்துக்காக 24 மணி நேரமும் திறந்திருக்கும் நிலையங்களில் ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார். அவரால் டிரிப் ஏற்ற முடியும், ஆக்சிஜன் வைக்க முடியும், டாக்டரிடம் போனில் கேட்டு ஊசி போட முடியும், அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லி அனுப்ப முடியும். ராத்திரியில் முதல் உதவிக்கு இவ்வளவு போதும்.

கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்வோம். நாகமோ கண்ணாடி விரியனோ கடித்தால் வலியும் வீக்கமும் ஊரையே கூட்டிவிடும். கட்டுவிரியன் அப்படியில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது, பல் பதிந்த இடம்கூடச் சில சமயம் கண்ணில் படாது. களத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த ஒருவரை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். வயிற்றைப் பிசைகிற வலி, இரண்டு முறை வாந்தி. அல்சர் என்று நினைத்து ஊரில் யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். "ராத்திரி பூரா தூங்கல, அதான் கண்ணு சொருகுது" என்றார் கூட வந்த அக்கா. மேலே பாருங்கள் என்றேன். நெற்றி சுருங்கியது, இமை எழும்பவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. அதற்கு மேல் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த ரத்தம் 20 நிமிடத்தில் ஒழுங்காக உறைந்துவிட்டது. கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம்தான் ரத்தத்தை உறையவிடாது. கட்டுவிரியன், நாகம் கடித்தவர்களுக்கு உறையத்தான் செய்யும். இந்த டெஸ்ட்டை மட்டும் நம்பி விஷமில்லை என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றினோம், குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் நாட்கள் பிடித்தன. நரம்பு முனையில் கட்டுவிரியன் விஷம் வேலையைக் காட்டிய பிறகு மருந்து ஏற்றினால் உடனே பலன் தெரியாது. நரம்பு தானாகத் தேறிவரும் வரை மூச்சை மெஷின்தான் இழுத்துவிட வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் இந்த மருந்துக்கான விஷம் பெருமளவில் போகிறது. அந்த மக்கள் பிடித்துக் கொடுத்த பாம்பின் விஷம் மருந்தாகி, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் அதைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் போகிறோம்.

நெஞ்சு வலியிலும் இதே கதைதான். சோடா, ஓமத்தண்ணி, கேஸ் ஊசி, "விடியட்டும் பாத்துக்கலாம்". 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் ஒருவருக்கு 14 மாத்திரைகள் வீதம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்: ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாடின் 8. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் அங்கேயே கொடுத்து அனுப்புவதற்காக. வியர்வையோடு நெஞ்சை அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ வலி இறங்கினால் அது கேஸா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம்.

குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியையும் வாயில் ஸ்பூனையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

நர்ஸ் இருக்கிறாரே, போதும் என்று அரசு இருந்துவிடக் கூடாது. உள்ளே ஒரு பிரசவம், வெளியே பூச்சிமருந்து குடித்த ஒருவர், அவரோடு வந்த பத்துப் பேரின் சத்தம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெண்தான். வட்டாரத்துக்கு ஒரு நிலையத்திலாவது இரவு முழுவதும் டாக்டரும் காவலாளியும் இருக்க வேண்டும். இதை டாக்டர்கள் கேட்டால் சங்கக் கோரிக்கையாகிவிடுகிறது. கிராம சபையில் நீங்கள் கேளுங்கள்.

108 தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது. ஆனாலும் கூப்பிட்டவுடன் அதே போனில் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகத் தகவல் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். வண்டி ஓட்டி வருபவர் வழி கேட்கத் திரும்ப அழைப்பார், லைன் கிடைக்காது. போனை வையுங்கள். ஒரு பையனை டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால் பாம்புக்கடிக்காரரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, பைக்கிலேயே பக்கத்து நிலையத்துக்குப் போய்விடலாம். நடக்கவிடாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள்.

உங்கள் ஊர் நிலையத்தில் இரவு நர்ஸ் இருக்கிறாரா, பாம்புக்கடி மருந்து இருப்பில் இருக்கிறதா, வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரி எது என்பதையெல்லாம் பகலில் போய்க் கேட்டு வையுங்கள். அங்கிருந்து ரெஃபர் செய்தால் ஒரு சீட்டு கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு என்ன ஊசி போட்டார்கள், எத்தனை குப்பி ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வண்டியில் ஏறுகிறவரின் சட்டைப்பையில் வையுங்கள், பின்னால் பைக்கில் வருகிற மாமாவிடம் கொடுக்காதீர்கள்.