சுகர் இல்லை, ஆனாலும் சிறுநீர் நுரைக்கிறது

அந்த அம்மாவுக்கு வயது 58. சுகர் கிடையாது. ஆனால் சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறது, நுரை லேசில் அடங்குவதில்லை. கணுக்காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. பல வருஷமாகப் போட்ட பிபி மாத்திரையை நிறுத்திய பிறகும் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. "வயசாகுதில்ல" என்ற பதிலை நம்பியே எட்டு மாதம் ஓடிவிட்டது. அப்புறம்தான் அவருடைய வயிற்றுக் கொழுப்பு ஒரு ஸ்லைடாக என் மேஜைக்கு வந்தது.

நான் பேத்தாலஜிஸ்ட், உடல் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை. காங்கோ ரெட் என்ற சாயம் ஏற்றிப் பார்த்தேன். கொழுப்புச் செல்களைச் சுற்றி வெளிர்சிவப்பு வளையங்கள். போலரைஸ்டு ஒளியில் திருப்பியதும் அவை இளம்பச்சையாக மின்னின. அமிலாய்டு! தவறாக மடிந்து நார் நாராகத் திரண்டு உறுப்புகளில் படியும் புரதம் அது.

இது எங்கிருந்து வருகிறது? எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களின் வேலையே ஆன்டிபாடி செய்வதுதான். ஒவ்வொரு ஆன்டிபாடியிலும் இரண்டு கனமான சங்கிலி, இரண்டு லேசான சங்கிலி. செய்த புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கினால், கண்ணாடிக் கோலி போன்ற உருண்டைகள் தெரியும். 1890இல் எடின்பரோவின் வில்லியம் ரஸ்ஸல் இவற்றைப் புற்றுநோயை உண்டாக்கும் பூஞ்சை என்று நினைத்தார். உண்மையில் அது தேங்கிய ஆன்டிபாடி. நாள்பட்ட அழற்சியிலும் இவை வரும் என்பதால், ரிப்போர்ட்டில் 'ரஸ்ஸல் பாடி' என்று பார்த்தவுடனே பயந்துவிடாதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வெளியே வந்துவிடும் புரதத்தைப் பற்றி. ஒரே பிளாஸ்மா செல்லின் வாரிசுகள் பெருகி, ஒரே மாதிரி லேசான சங்கிலியை ரத்தத்தில் கொட்டுகின்றன. சிலருக்கு அது நார் நாராகத் திரண்டு சிறுநீரகம், இதயம், நரம்பு, நாக்கு என்று படிகிறது. இதுதான் ஏஎல் (அமிலாய்டு லைட் செயின், அதாவது லேசான சங்கிலி) அமிலாய்டோசிஸ். அரிய நோய்தான். ஆனால் இதயத்தில் படிந்த பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் உயிருக்கு ஆபத்து.

எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது, ஈசிஜியிலோ அலைகள் சின்னதாக இருக்கின்றன என்றால் சந்தேகப்பட வேண்டும். நாக்கு பெருத்து ஓரத்தில் பல் தடம் விழுவது, அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றுவது, இரண்டு கையும் மரத்துப்போவது, இவற்றையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சாதாரண எலக்ட்ரோபோரெசிஸ் டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் அதோடு விடக்கூடாது, சின்ன அளவு அதில் தப்பிவிடும். ரத்தத்திலும் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்சேஷன் (அதைவிட நுணுக்கமான டெஸ்ட்), கூடவே ரத்தத்தில் தனியாகத் திரியும் லேசான சங்கிலியை அளக்கும் ஃப்ரீ லைட் செயின் டெஸ்ட், மூன்றும் வேண்டும். வயிற்றுக் கொழுப்பை ஊசியால் எடுப்பது சின்ன வேலை, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். அதில் தெரியாவிட்டாலும் சந்தேகம் பலமாக இருந்தால் மஜ்ஜையையோ, பாதித்த உறுப்பையோ பார்த்தாக வேண்டும்.

அமிலாய்டு என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் புரதம் என்றும் தெரிய வேண்டும். டிரான்ஸ்தைரெட்டின் என்ற வேறொரு புரதமும் இதயத்தில் இப்படியே படியும், அதற்கு மருந்தே வேறு. ஏஎல் வகையில் மருந்து குறிவைப்பது பிளாஸ்மா செல்லைத்தான். போர்ட்டெசோமிப் போன்ற மருந்துகளோடு சேர்த்துத் தர டாராட்டுமுமாபுக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

லேசான சங்கிலியில் காப்பா, லாம்டா என்று இரண்டு வகை. அந்த அம்மாவுக்கு இருந்தது லாம்டா வகை. சிகிச்சை தொடங்கியதும் ரத்தத்தில் லேசான சங்கிலி இறங்கியது. கால் வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறதே என்று அவர் மகள் கேட்டாராம். புதிதாகப் படிவது நின்றாலும் ஏற்கெனவே படிந்தது கரைய மாதக்கணக்கில் ஆகும். முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன்.