பொங்கலுக்குப் பழைய பெயிண்டைச் சுரண்டும் முன்

மார்கழி பிறந்தால் போதும், புதுச்சேரியிலும் கடலூர் முதுநகரிலும் பழைய வீட்டுக் கதவு ஜன்னல்களில் உப்புத்தாள் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பொங்கலுக்குள் புது பெயிண்ட் அடித்தாக வேண்டுமே! அப்போது உதிரும் தூசியில் ஈயம் இருக்கலாம்.

வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றி அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். கதவு, ஜன்னல், இரும்புக் கம்பிகளில் அடித்த எண்ணெய் பெயிண்ட்தான் விஷயம். வெண்மைக்கும் மஞ்சளுக்கும், துருப்பிடிக்காமல் இருப்பதற்கும், சீக்கிரம் காய்வதற்கும் அதில் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளில் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

பெயிண்ட் உரியாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. ஆனால் கடலோரத்தில் அது எங்கே அப்படி இருக்கிறது? உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, மேலே உள்ள பெயிண்டைப் பொருக்குப் பொருக்காகத் தூக்கிவிடும். ஐப்பசி மழையில் ஊறிப் பருத்த கதவு, திறக்கும்போதெல்லாம் நிலையில் உரசி மாவாக உதிரும். தரையில் தவழும் குழந்தை அதைத் தொட்ட கையோடு விரல் சூப்பும்.

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நம்பி ஏமாறுகிறது. கால்சியம் போகும் வழியிலேயே அதுவும் குடலில் இருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போய், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதைக் குலைக்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு சுமார் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சிறு குழந்தையின் உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைவான குழந்தைக்கு இன்னும் அதிகம். அப்படி உடம்பில் சேர்ந்ததில் பெரும்பகுதி எலும்பில் போய்ப் பல வருடம் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு கரையும்போது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, சுரண்டத்தான் வேண்டுமென்றால்? தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பு காட்டி உரிக்கவே வேண்டாம், ஈயம் புகையாகக் கிளம்பும். போகியில் பழைய ஜன்னல் சட்டத்தைக் கொளுத்தினாலும் இதே கதைதான். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதிக ஆபத்து நாள் முழுக்க அந்தத் தூசியிலேயே நிற்கும் பெயிண்டருக்குத்தான். முகத்தில் கட்டும் துண்டு போதாது, நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். டீ குடிக்கும் முன் கை கழுவ சோப்பும், வீட்டுக்குப் போகும் முன் உடை மாற்ற ஓர் இடமும் கொடுங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.