காலியாக விடப்படும் அந்தக் கட்டம்

ஹவுஸ் சர்ஜன்கள் எழுதித் தரும் இறப்புக் காரணச் சான்றுகளைப் பார்த்துத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. பல தாள்களில் ‘இதயம் நின்றதால் இறப்பு’ என்று மட்டும் இருக்கும். யார் இறந்தாலும் இதயம் நின்றுதான் போகும். எதனால் நின்றது என்பதைத்தான் படிவம் கேட்கிறது. பக்கத்திலேயே, நோய் தொடங்கி எத்தனை நாளில் இறந்தார் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அது காலியாக வரும்போதெல்லாம் 1854-ம் வருஷத்து லண்டனைப் பற்றிச் சொல்வேன்.

இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்பு, இறப்புகளை அரசே பதிந்து வந்தது. லண்டனின் சோஹோ பகுதியில் ப்ராட் தெருவில் 1854 ஆகஸ்ட் 31 இரவு காலரா வெடித்ததும், டாக்டர் ஜான் ஸ்னோ பதிவுத் தலைமை அலுவலகத்தில் இறந்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினார். செப்டம்பர் 2-ல் முடிந்த வாரத்தில் அந்த வட்டாரத்தில் 89 காலரா சாவுகள். முகவரிகளைத் தேடிப் போனால் ஏறக்குறைய எல்லாமே ஒரு தெருப் பம்புக்கு அருகில். செப்டம்பர் 8-ல் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

இதுவரை பலருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த வருஷம் நடந்தது. அந்தப் பகுதியின் உதவிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், பம்புத் தண்ணீரால்தான் காலரா பரவியது என்று ஸ்னோ சொன்னதை நம்பாதவர்; அதைத் தவறென்று காட்டத்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார். பதிவேட்டைப் புரட்டும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: ப்ராட் தெரு 40-ம் எண் வீடு, செப்டம்பர் 2, ஐந்து மாதப் பெண் குழந்தை, நான்கு நாள் முன்பு வந்த வயிற்றுப்போக்கால் சோர்வு. காலரா என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் நான்கு நாளைக் கழித்துப் பாருங்கள்: நோய் வெடிப்பதற்கு முன்பே அந்தக் குழந்தை படுத்துவிட்டது. வைட்ஹெட் உடனே தாயைப் போய்ப் பார்த்தார். குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்னால் இருந்த கழிவுக்குழியில் ஊற்றியதாக அவர் சொன்னார். தோண்டிப் பார்த்தார்கள். குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை, கசிவும் இருந்தது.

அந்தக் காலப் பதிவேட்டில் பிறப்புக் கணக்கில்தான் ஓட்டை பெரிது. 1875 வரை பிள்ளை பிறந்ததைத் தாமாகப் போய்ப் பதியும் கட்டாயம் பெற்றோருக்கு இல்லை. பதிவாளர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பிறந்தது ஏறாமல் இறந்தது மட்டும் ஏறினால் சிசு மரண விகிதம் தப்பாக வீங்கும். அந்தக் கால வட்டார அறிக்கைகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

போன மாதம் ஒரு ஹவுஸ் சர்ஜனிடம் காலிக் கட்டத்தைக் காட்டினேன். அவர் வார்டுக்குத் திரும்பிப் போய் இறந்தவரின் மகளிடம் மெதுவாகக் கேட்டார். “கிருத்திகைக்கு மறுநாள் காய்ச்சல் வந்துச்சு சார்” என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார் அந்த அம்மா. கட்டத்தில் ‘9 நாள்’ என்று ஏறியது.